ஜெப ஆலயத்தின் கதவருகே நிற்பவர்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரில் யூதர்களின் ஜெப ஆலய வாசலில் சனிக்கிழமைதோறும் துப்பாக்கியோடு ஒரு காவலர் நிற்கிறார். பெயர் கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். சாமி கும்பிடுகிற இடத்துக்கு இதெல்லாம் எதற்கு? 2018இல் பிட்ஸ்பர்க்கில் அத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகு அந்த மக்கள் எப்படித் தேறினார்கள்? எங்கள் கோயில் கமிட்டியிலும் இப்போது பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது."

கடைசி வரியைப் படித்ததால்தான் நீளமாகவே எழுத உட்கார்ந்தேன். பிட்ஸ்பர்க்கிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நடந்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் சரியாகப் புரிந்துகொண்டால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பிட்ஸ்பர்க்கின் ஸ்குவிரல் ஹில் பகுதி பல தலைமுறைகளாக யூதர்கள் வாழும் இடம். ஜெப ஆலயம், யூத உணவுக்கடை, நூலகம், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். அங்கே 'ட்ரீ ஆஃப் லைஃப்', அதாவது 'வாழ்வின் மரம்' என்று பெயர் கொண்ட ஒரு ஜெப ஆலயம். 1864இல் தொடங்கிய சபை அது. உறுப்பினர் எண்ணிக்கை குறைந்து கட்டடம் பெரிதாகத் தெரிந்தபோது, நியூ லைட், டோர் ஹடாஷ் என்ற வேறு இரண்டு சபைகளுக்கும் அதே கூரையின் கீழ் இடம் கொடுத்திருந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று சபைகள், தனித்தனி வழிபாடுகள்.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாளான சபாத். ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஒரு பகுதியாகத் தங்கள் வேதமான தோராவை வாசித்து முடிப்பது அவர்கள் வழக்கம். அந்த வாரத்துக்கு உரிய பகுதி, ஆபிரகாம் பட்டப்பகலில் தன் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கும் காட்சியோடு தொடங்குவது. முன்பின் தெரியாத மூன்று பேர் வருகிறார்கள். அவர் எழுந்து ஓடிப்போய் வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, உணவு படைக்கிறார். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் விருந்தாளி சுற்றி வர வேண்டாம் என்பதற்காக ஆபிரகாம் தன் கூடாரத்தை நான்கு பக்கமும் திறந்து வைத்திருந்தார் என்று ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் காலையில் அந்தக் கட்டடத்தின் கதவும் பூட்டப்படவில்லை. பெருநாட்களில் மட்டும் காவல் வைப்பார்கள். சாதாரணச் சனிக்கிழமையில் யார் வேண்டுமானாலும் தள்ளித் திறந்து வரலாம்.

காலைப் பத்து மணிக்குச் சற்று முன் துப்பாக்கிகளோடு ஒருவன் வந்தான். பதினொரு பேரைக் கொன்றான். இறந்தவர்களின் வயது 54 முதல் 97 வரை. அவர்களில் அண்ணன் தம்பி இருவர். அதே ஜெப ஆலயத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன் திருமணம் செய்துகொண்ட கணவன் மனைவி இருவர். எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே எல்லோரும் பயந்த காலத்தில் கையுறை இல்லாமல் அவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்ன மருத்துவர் ஒருவர். நேரம் தவறாமல் வருகிறவர்கள்தான் இறந்தார்கள். எந்தக் கோயிலிலும் இப்படிச் சிலர் உண்டு, தெரியும் அல்லவா? நடை திறக்கும் முன்பே வந்து விளக்கைத் துடைப்பவர்கள், புதிதாக வந்தவருக்குப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பவர்கள். அந்தக் காலையிலும் முதலில் வந்து உட்கார்ந்திருந்தது அவர்கள்தான்.

அவன் ஏன் வந்தான் என்பதை அவனே எழுதி வைத்திருந்தான். அமெரிக்காவில் 'ஹையாஸ்' என்று ஒரு யூதத் தொண்டு அமைப்பு உண்டு. 1881இல் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்கு உதவத் தொடங்கப்பட்டது. இன்று எந்த நாட்டு, எந்த மத அகதிக்கும் உதவுகிறது. கொலைக்கு ஒரு வாரம் முன்பு அந்த அமைப்பு நாடு முழுவதும் அகதிகளுக்கான சபாத் ஒன்றை நடத்தியது. டோர் ஹடாஷ் சபை அதில் பங்கெடுத்திருந்தது. வெளிநாட்டவரை நாட்டுக்குள் கொண்டுவந்து வெள்ளையர்களை அழிக்க யூதர்கள் சதி செய்கிறார்கள் என்று அவன் நம்பினான். இணையத்தில் அந்த அமைப்பின் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டுப் புறப்பட்டான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் பலரும் யூத வெறுப்பை வெறும் மதப் பகை என்று நினைத்துவிடுகிறார்கள். மற்ற இனவெறிகள் பெரும்பாலும் எதிரியைத் தனக்குக் கீழே வைத்துப் பார்க்கும். யூத வெறுப்பு எதிரியைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும். வங்கி அவன் கையில், பத்திரிகை அவன் கையில், அரசு அவன் கையில் என்று போகும். ஆகவே யார் எதன் மேல் கோபமாக இருந்தாலும் அந்தக் கோபத்தை யூதன் மேல் கொண்டுபோய் இறக்கிவிட முடியும். குடியேற்றத்தின் மேல் கோபம் கொண்டவன் பிட்ஸ்பர்க் போனான். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனும் வெள்ளையர்களை மற்றவர்கள் இடம்பெயர்க்கிறார்கள் என்ற அதே கதையைப் படித்தவன். அந்த இருவரையும் முன்மாதிரியாகச் சொல்லிக்கொண்டு அடுத்த மாதமே கலிபோர்னியாவின் போவேயில் பஸ்கா பண்டிகையின் கடைசி நாளில் ஒருவன் ஜெப ஆலயத்துக்குள் சுட்டு ஒரு பெண்ணைக் கொன்றான்.

வெள்ளை இனவாதிகள் மட்டும்தான் இதைச் செய்கிறார்கள் என்றும் இல்லை. 2022 ஜனவரி 15 அன்று டெக்சாஸ் மாநிலம் காலிவில்லில் ஒரு ஜெப ஆலயத்தில் நான்கு பேரைப் பணயம் வைத்தவன், அமெரிக்கச் சிறையில் இருக்கும் ஒரு பாகிஸ்தானியப் பெண்ணை விடுவிக்க வேண்டும் என்றான். அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? நியூயார்க்கில் இருக்கும் ஒரு பெரிய ஜெப ஆலயத்தின் ரப்பியோடு தொலைபேசியில் பேசினான். ஒரு ரப்பி சொன்னால் அரசாங்கம் கேட்கும் என்று உண்மையிலேயே நம்பியிருக்கிறான். பிட்ஸ்பர்க் கொலையாளியும் இவனும் நேரில் சந்தித்திருந்தால் ஒருவரை ஒருவர் வெறுத்திருப்பார்கள். யூதர்களைப் பற்றி மட்டும் இருவர் தலைக்குள்ளும் ஒரே கதை ஓடியது.

காஸாவில் நடப்பதைச் சொல்லி, அதற்குப் பதிலடிதானே இது என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேல் அரசின் போரை, பாலஸ்தீன நிலத்தில் அமைக்கும் குடியேற்றங்களை, அமைச்சர்களைக் கடுமையாக விமர்சிக்க யாருக்கும் உரிமை உண்டு. யூதர்களிலேயே அப்படி விமர்சிக்கிறவர்கள் ஏராளம். ஆனால் ஓர் அரசு செய்ததற்குக் கணக்குத் தீர்க்க, வேறு நாட்டில் பிரார்த்தனைக்கு வந்த ஒருவரைத் தேடிப்போனால் அதற்கு அரசியல் என்று பெயர் வைக்க நான் தயாராக இல்லை. 2025 அக்டோபர் 2, யூதர்களின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாளில் மான்செஸ்டரில் ஹீட்டன் பார்க் ஜெப ஆலயத்தின் முன்னால் ஒருவன் காரை மக்கள் மேல் ஏற்றிவிட்டுக் கத்தியோடு இறங்கினான். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று சிட்னியின் போண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவர்களில் யாரும் எந்தப் போரையும் நடத்தவில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எப்படித் தேறினார்கள் என்பதற்கு. அவர்கள் முழுமையாகத் தேறிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்தை எங்கே வைப்பது, எப்படிச் சுமப்பது என்று அவர்களிடம் பழைய முறைகள் இருந்தன. அவை கை கொடுத்தன. நம் ஊரில் சாவு வீட்டுச் சடங்கை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

யூத மரபில் இறந்தவரின் உடலை அடக்கம் வரை தனியே விடக் கூடாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வேதத்திலுள்ள சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதை 'ஷ்மீரா', அதாவது காவல் என்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் உடல்கள் அரசுப் பிணக்கூறு நிலையத்தில் இருந்தபோதும் தொண்டர்கள் முறை போட்டுக்கொண்டு இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். உடலைக் கழுவி வெள்ளைத் துணி உடுத்துவதற்கென்று ஒவ்வோர் ஊரிலும் 'செவ்ரா கதீஷா' என்ற தொண்டர் குழு இருக்கும். சம்பளம் கிடையாது. இறந்தவர் திருப்பி நன்றி சொல்ல முடியாது என்பதால் அதையே மிக உயர்ந்த அன்புப் பணியாக வைத்திருக்கிறார்கள். கொல்லப்பட்டவரின் இரத்தமும் உடலின் பகுதிதான், அதையும் சேர்த்தே புதைக்க வேண்டும் என்பது விதி. விசாரணை அதிகாரிகள் இடம் கொடுத்ததும் தொண்டர்கள் அந்தக் கட்டடத்துக்குள் போய் தரையிலும் சுவரிலும் இருந்ததைத் துடைத்து எடுத்தார்கள். துடைத்த துணிகளும் மண்ணுக்குள் போயின. ஒரு சமூகம் தன் காயத்தைத் தன் கையாலேயே கழுவியது என்று இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு ஏழு நாள் துக்கம் காப்பார்கள். ஏழு என்ற எண்ணுக்கு எபிரேயத்தில் உள்ள சொல்லாலேயே அதற்கு 'ஷிவா' என்று பெயர். துக்க வீட்டார் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள், கண்ணாடிகளை மூடி வைப்பார்கள், சமைக்க மாட்டார்கள். ஊர் அவர்கள் வீட்டுக்கு வரும், உணவு கொண்டுவரும். ஆறுதல் சொல்லப் போகிறவர் முதலில் பேசக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் வாயைத் திறந்தால்தான் நீங்கள் பேசலாம். அவர் பேசாவிட்டால் நீங்களும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த அளவில் இதைவிட நல்ல மனநல ஏற்பாடு இல்லை. பிறகு முப்பது நாள், பிறகு ஓராண்டு என்று துக்கம் படிப்படியாகத் தளரும்.

'காதிஷ்' என்ற பிரார்த்தனையை இறந்தவருக்காகச் சொல்வார்கள். அதில் சாவு என்ற சொல்லே வராது. முழுக்க இறைவனின் புகழ்தான். அதைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். தந்தையை இழந்தவன் வெளியே போக மனமில்லாவிட்டாலும் காதிஷுக்காக ஜெப ஆலயத்துக்குப் போயாக வேண்டும். அவனுக்காக மற்ற ஒன்பது பேர் வந்தாக வேண்டும். துக்கத்தில் இருப்பவனைத் தனிமைக்குள் விழ விடாமல் விதியே பிடித்துக்கொள்கிறது. கொலை நடந்த வார வெள்ளிக்கிழமை, 'பிட்ஸ்பர்க் போஸ்ட் கெஸட்' நாளிதழ் அந்தப் பிரார்த்தனையின் முதல் சொற்களை எபிரேய எழுத்திலேயே முதல் பக்கத் தலைப்பாக அச்சிட்டது. நகரத்து வாசகர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு நகரமே காதிஷுக்கு வந்து நின்றதுபோல் இருந்தது.

நினைவுநாளை அவர்கள் இரண்டு முறை அனுசரிக்கிறார்கள். ஆங்கில நாட்காட்டிப்படி அக்டோபர் 27. எபிரேய நாட்காட்டிப்படி ஹெஷ்வான் மாதம் 18ஆம் நாள். நாம் தேதியும் பார்த்துத் திதியும் கொடுப்பது போலத்தான். எபிரேயத் திதிக்கு 'யார்ட்ஸைட்' என்று பெயர், அன்று வீட்டில் ஒரு நாள் முழுவதும் எரியும் விளக்கு ஏற்றுவார்கள். அக்டோபர் 27 அன்று பொதுமக்களும் கலந்துகொள்ளும் நிகழ்ச்சி நடக்கும். இறந்தவர்கள் பெயரில் தோரா படிப்பு, தொண்டுப் பணி, இரத்த தானம் எல்லாம் உண்டு.

அந்த நாட்களில் பிற சமூகங்கள் செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முஸ்லிம் அமைப்புகள் சேர்ந்து இணையத்தில் நிதி திரட்டியபோது சில நாட்களிலேயே இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொலைக்கு மறுநாள் மாலை நடந்த பல்சமய அஞ்சலிக் கூட்டத்தில் பிட்ஸ்பர்க் இஸ்லாமிய மையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த வாசி முகமது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். அடுத்த வழிபாட்டுக்கு வெளியே காவல் நிற்க ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம் என்றார். ஐந்து மாதத்தில் கிறைஸ்ட்சர்ச் கொலைகள் நடந்தன. இம்முறை பிட்ஸ்பர்க் யூதர்கள் அந்த மசூதிகளின் குடும்பங்களுக்காக நிதி திரட்டினார்கள்.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கமிட்டியில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெருந்துயரம் நடந்தால் பணம் வெள்ளமாக வரும், அதைப் பிரிப்பதில் இரண்டாவது காயம் உண்டாகும். பிட்ஸ்பர்க் யூதக் கூட்டமைப்புக்கு வந்தது சுமார் 63 லட்சம் டாலர். அதைப் பங்கிடத் தனியே ஒரு குழு அமைத்து, 2019 மார்ச்சிலேயே முடிவை வெளியிட்டார்கள். பெரும்பகுதி இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் போனது. உள்ளே மாட்டிக்கொண்டு உயிர் தப்பியவர்களுக்கும், முதலில் ஓடிவந்த காவலர்களுக்கும், சபைகளுக்கும் பங்கு இருந்தது. கணக்கு வெளிப்படையாக இருந்ததால் மனக்கசப்பு பெரிதாக வளரவில்லை.

ஓராண்டு நிறைவதற்குள், 2019இல், '10.27 நலமாக்கும் கூட்டமைப்பு' என்ற மையத்தை யூதச் சமூகக் கூடத்திலேயே திறந்தார்கள். உளவியல் ஆலோசனை, குழுவாகக் கூடிப் பேசுதல், ஓவியம், யோகா எல்லாம் உண்டு. யூதர் அல்லாதவர்களும் வரலாம். மையத்தை மருத்துவமனையில் வைக்காமல் நீச்சல் குளமும் குழந்தைகள் காப்பகமும் இருக்கும் கூடத்தில் வைத்தது நல்ல யோசனை. யாரும் 'சிகிச்சைக்குப் போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு போக வேண்டியதில்லை.

வழக்குதான் நீண்டது. அரசு மரண தண்டனை கேட்டதால் விசாரணை தொடங்கவே நாலரை ஆண்டு ஆயிற்று. 2023 மே மாத இறுதியில் தொடங்கி, ஜூன் 16 அன்று 63 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆகஸ்டில் மரண தண்டனை. இதில் பாதிக்கப்பட்டவர்களே ஒரே கருத்தில் இல்லை. குடும்பங்களில் பெரும்பாலானவை மரண தண்டனையை ஆதரித்தன. டோர் ஹடாஷ் சபையும் நியூ லைட் சபையின் ரப்பியும் வேண்டாம் என்று அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். அவரவர் நியாயத்தைச் சொல்லிவிட்டு, நினைவு நிகழ்ச்சிகளில் ஒன்றாகவே நின்றார்கள். ஒரு சமூகம் ஆறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று தெரியவில்லை. ஒற்றுமைக்காக யாரையும் வாயடைக்கச் சொல்லவில்லை.

தண்டனை அறிவித்து இரண்டே மாதத்தில், 2023 அக்டோபர் 7 அன்று, இஸ்ரேலில் ஹமாஸ் தாக்குதல் நடந்தது, பழைய காயம் மறுபடி திறந்தது. பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை 2024 தொடக்கத்தில் இடித்தார்கள். கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்ட் வரைந்த திட்டப்படி வழிபாட்டுக் கூடம், அருங்காட்சியகம், நினைவிடம் எல்லாம் சேர்ந்த புதிய கட்டடத்துக்கு அதே ஆண்டு ஜூனில் அடிக்கல் விழா நடந்தது. அந்த இடத்தை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற முடிவை அவர்கள் எடுக்கவில்லை.

இனி காவலரைப் பற்றி.

பிட்ஸ்பர்க்கில் உயிர் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை தெரியும். அங்கே யூதக் கூட்டமைப்பு 2017இலேயே எஃப்.பி.ஐ.யில் பணியாற்றி ஓய்வுபெற்ற பிராட் ஓர்சினி என்பவரைப் பாதுகாப்புப் பொறுப்புக்கு அமர்த்தியிருந்தது. அவர் சபை சபையாகப் போய்ப் பயிற்சி கொடுத்தார். ட்ரீ ஆஃப் லைஃப் ரப்பி ஜெஃப்ரி மையர்ஸிடம், சபாத் அன்றும் கைப்பேசியைப் பையில் வைத்திருங்கள் என்று வற்புறுத்தினார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மரபைக் கடைப்பிடிக்கும் யூதர் சபாத்தில் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொட மாட்டார். ஆனால் உயிரைக் காப்பது மற்ற எல்லா விதிகளையும் மீறும் என்பதும் அவர்கள் சட்டமே. 'பிக்குவாக் நெஃபெஷ்' என்பார்கள். ரப்பி ஒப்புக்கொண்டார். பின்னர் அந்தச் சனிக்கிழமை துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த சிலரை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் கைப்பேசியில்தான் அவசர உதவியை அழைத்தார். எந்தக் கதவு வழியாக வெளியேறுவது என்று பயிற்சியில் கற்றிருந்தவர்கள் தப்பினார்கள். நியூ லைட் சபையினர் சிலர் இருட்டான பண்டக அறையில் ஒளிந்தார்கள். சத்தம் ஓய்ந்தது, எல்லாம் முடிந்தது என்று எண்ணி, காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவர் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். அவர் பிழைக்கவில்லை. பாதுகாப்புத் திட்டம் போடுகிறவர்கள் இந்தப் பெரியவரை மறக்கவே கூடாது. காது கேளாதவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் யார் துணை என்பதைத் தீர்மானிக்காத திட்டம் பாதித் திட்டம்தான்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. வெளியே போலீஸ் காவல் இல்லை. துப்பாக்கியும் வெடிகளும் கொண்டு வந்தவன் பூட்டியிருந்த மரக் கதவைச் சுட்டான், வெடி வைத்தான். கதவு அசையவில்லை. உள்ளே இருந்தவர்கள் கேமரா திரையில் அவனைப் பார்த்தபடியே நாற்காலி மேசைகளை முட்டுக் கொடுத்தார்கள். உள்ளே நுழைய முடியாத ஆத்திரத்தில் அவன் தெருவில் ஒரு பெண்ணையும் ஓர் உணவகத்தில் ஓர் இளைஞனையும் கொன்றான். அந்தக் கதவு குண்டுத் துளைகளோடு இன்று ஜெப ஆலய முற்றத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. மான்செஸ்டரில் கதவைப் பூட்டியதோடு ரப்பியும் சபையினரும் உள்ளிருந்து உடலால் அழுத்திப் பிடித்தார்கள். பிடித்து நின்றவர்களில் ஒருவர் போலீஸ் சுட்ட குண்டு கதவைத் துளைத்ததில் இறந்தார்.

காலிவில்லில் கதை வேறு. குளிர்காலக் காலை, அறிமுகமில்லாத ஒருவன் கதவைத் தட்டினான். ரப்பி சார்லி சைட்ரன்-வாக்கர் திறந்து உள்ளே அழைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஆபிரகாம் செய்ததைச் செய்தார். தேநீர் குடித்தவன் பிரார்த்தனையின் நடுவில் துப்பாக்கியை எடுத்தான். பதினோரு மணி நேரம் கழித்து, மீதி இருந்த மூன்று பேரும் தப்பியதற்குக் காரணம், ரப்பி ஒரு நாற்காலியைத் தூக்கி அவன் மேல் எறிந்து, எல்லோரும் கதவை நோக்கி ஓடியதுதான். அதற்கு முன்பே பணயக் கைதிகள் சந்தேகம் வராமல் கதவுக்குப் பக்கமாக மெல்ல மெல்ல நகர்ந்திருந்தார்கள். இதெல்லாம் முன்பு எடுத்த பயிற்சியில் கற்றது என்று ரப்பியே சொன்னார். அவர் தேநீர் கொடுத்தது தவறு என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். தேநீர் கொடுக்கவும் தெரிந்திருந்தது, நாற்காலியை எறியவும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்து ஒரு வழிபாட்டுச் சபைக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரைவிட அவருக்கு முன்னால் நின்று 'சபாத் ஷாலோம்' சொல்லி வரவேற்கும் தொண்டரைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர் வேலை புன்னகைப்பது என்று தோன்றும். பெயர் கேட்கிறார், எங்கிருந்து வருகிறீர்கள் என்கிறார், முதல் முறையா என்கிறார். வந்தவர் உண்மையான விருந்தாளி என்றால் இது அன்பான விசாரிப்பு. கெட்ட எண்ணத்தோடு வந்தவன் என்றால், தன்னை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். யார் வழக்கமாக வருகிறவர், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பதும் இதே ஆளுக்குத்தான் தெரியும். கொலைகாரனைக் கவனிக்கும் அதே கண் தனியே வாடும் முதியவரையும் கவனித்துவிடும். பாதுகாப்பையும் ஆறுதலையும் இரண்டு கமிட்டியாகப் பிரித்துவிடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு விலையும் உண்டு. மறைக்க வேண்டாம். காவலருக்கும் கேமராவுக்கும் கண்ணாடியில் ஒட்டும் உடையாத படலத்துக்கும் செலவாகும் பணம் குழந்தைகள் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய பணம். கறுப்பின யூதர்கள், இந்திய முகம் கொண்ட யூதர்கள் தங்கள் சொந்த ஜெப ஆலய வாசலிலேயே 'நீங்கள் யார்' என்று நிறுத்தப்பட்டு அவமானப்பட்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவர்கள் உறுப்பினர்களை முகம் பார்த்து அறிந்திருந்தால் இது பெருமளவு குறையும். சம்பளக் காவலரை மட்டும் நம்பினால் குறையாது. காவல் நிற்பவருக்கும் ஆபத்து உண்டு. கோபன்ஹேகனில் 2015 பிப்ரவரியில் உள்ளே ஒரு சிறுமியின் மதச் சடங்கு விருந்து நடந்துகொண்டிருந்தபோது வாசலில் நின்ற யூதத் தொண்டர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த வாரம் நார்வேயின் ஆஸ்லோவில் முஸ்லிம் இளைஞர்கள் அழைப்பு விடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜெப ஆலயத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் அங்கிருந்த யூத மையமான நரிமன் இல்லத்தைத் தேடிப்போய், ரப்பி கேப்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க்கையும் மனைவி ரிவ்காவையும் விருந்தினர்களையும் கொன்றார்கள். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் இந்தியப் பணிப்பெண் சாண்ட்ரா சாமுவேல். அந்த இல்லம் 2014இல் மறுபடி திறந்தது.

உங்கள் கமிட்டிக்கு இப்போது. அமெரிக்காவில் இந்துக் கோயில்களுக்கும் குருத்வாராக்களுக்கும் மசூதிகளுக்கும் இந்த ஆபத்து புதிதல்ல. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டை அங்குள்ள எல்லாரும் அறிவார்கள். பிட்ஸ்பர்க்கிலேயே, ஸ்குவிரல் ஹில்லிலிருந்து சிறிது தூரத்தில்தான் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. தமிழர்கள் எங்கிருந்தெல்லாமோ கார் ஓட்டிக்கொண்டு வருகிற கோயில். லாப நோக்கில்லாத அமைப்புகளின் பாதுகாப்புக்கென்று அமெரிக்கக் கூட்டரசு மானியம் கொடுக்கிறது. 2023இல் அதற்கு ஒதுக்கியது 30 கோடி டாலருக்கு மேல். யூத அமைப்புகள் நெடுங்காலம் வாதாடி உருவாக்கிய திட்டம் அது, எல்லா மதத்தவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் உள்ளூர்ப் போலீஸை அழைத்துக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, பலவீனங்களை எழுதி வாங்குங்கள். அந்த அறிக்கை மானியத்துக்கும் உதவும்.

மானியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வழிபாட்டு நேரத்தில் ஒரே வாசல் மட்டும் திறந்திருக்கட்டும், மற்றவை உள்ளிருந்து மட்டும் திறக்கும்படி வையுங்கள். அன்னதானக் கூடத்திலிருந்து வெளியே போகும் கதவுக்கு முன் அரிசி மூட்டை அடுக்கியிருந்தால் இன்றே அகற்றுங்கள். இரத்தம் கொட்டுவதை நிறுத்தும் முதலுதவிப் பயிற்சி ஒரு பிற்பகலில் முடிந்துவிடும், பத்துப் பேராவது எடுக்கட்டும். பக்கத்து மசூதி, சர்ச், ஜெப ஆலயக் கமிட்டிகளின் தொலைபேசி எண்களைச் சாதாரண நாளிலேயே வாங்கி வையுங்கள். துயரம் நடந்த பிறகு அறிமுகம் செய்துகொள்வது கடினம்.

உங்கள் ஊர் ஜெப ஆலயத்துக்குப் போக விரும்பினால் இரண்டு நாள் முன்பே அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: யார், எத்தனை பேர், பார்க்க வருகிறோம் என்று. பெரிய பை எடுத்துப் போகாதீர்கள். வாசலில் பெயர் கேட்டால் சொல்லுங்கள், அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு வழிபாடு முடிந்ததும் ரொட்டியும் திராட்சை ரசமும் வைத்து எல்லாரையும் உட்காரச் சொல்வார்கள். அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கதவருகே நின்றவரும் உள்ளே வந்து உட்காருவது அப்போதுதான்.